சம்பூர்ணத்தின் வலது முழங்கால்

புளிக்கூடையைத் தலையில் ஏற்றிவிட்டால் சம்பூர்ணம் எங்கேயும் நிற்க மாட்டாள். மலைமேல் காட்டு நிலமான அவள் கொல்லையிலிருந்து புதூர்நாட்டுப் பக்கம் ஜீப் வந்து நிற்கிற ரோட்டுக்கு ஐந்து மைல். நடுவில் ஒரு ஏற்றம், இரண்டு இறக்கம், ஒரு ஓடை. மற்றப் பெண்கள் ஓடைக்கரைப் பாறையில் ஒருமுறை, கடைசி இறக்கத்துக்கு முன்னால் ஒருமுறை சுமையை இறக்கி வைத்து மூச்சு வாங்குவார்கள். சம்பூர்ணம் ரோட்டில்தான் இறக்குவாள். புளி வாங்க வாணியம்பாடியிலிருந்து வருகிற லத்தீப் பாய் தராசைக் கட்டித் தொங்கவிடும்போது முதல் கூடை எப்போதும் அவளுடையதாக இருக்கும். மற்றவர்கள் வந்து சேரும் நேரத்தில் அவள் வெறுங்கூடையோடு எதிரே ஏறிப் போய்க்கொண்டிருப்பாள், அடுத்த சுமைக்கு.

அவளைப் பற்றிச் சொல்ல அது ஒன்றுதான் இருந்தது என்று அவளே நினைத்தாள். படிப்பு கிடையாது. பேச்சும் குறைவு. பிறந்த மூன்று பிள்ளைகளில் தங்கியது பாஞ்சாலை ஒருத்திதான். அவளையும் முகட்டுக்கு அந்தப் பக்கத்து ஊரில், மூன்று மணி நேர நடையில், கட்டிக் கொடுத்தாயிற்று. கொல்லை வீட்டில் இருந்தது அவளும் புருஷன் தசரதனும் மட்டும். கால் நடக்கிற வரைக்கும் முகடு ஒன்றும் பெரிய தூரமில்லை. காலையில் கேழ்வரகுக் களியைக் கிண்டி வைத்துவிட்டுப் போய் மகளைப் பார்த்துவிட்டு விளக்கு வைப்பதற்குள் திரும்பிவிடுவாள்.

எழுபத்தேழாம் வருஷம் பங்குனி மாசம் அவள் விழுந்தாள். செங்குத்தான இறக்கத்தில் விழுந்திருந்தால் கூட மனசு ஆறியிருக்கும். வீட்டுக்கு நூறு அடி தள்ளி, தினம் நடக்கிற பாறையில், காலுக்கடியில் சரளை உருண்டது. கூடையின் பாரம் முழுக்க வலது முழங்காலோடு போய்ப் பாறையில் இடித்தது. கால் பூசணிக்காய் மாதிரி வீங்கிற்று. நொச்சித் தழையை வதக்கி ஒத்தடம் கொடுத்தார்கள். எலும்பு கட்டுகிறவர் வந்து தொட்டுப் பார்த்து, எலும்பு முறியவில்லை என்று சொல்லிப் பச்சிலை வைத்துக் கட்டிவிட்டுப் போனார். ஒரு மாசத்தில் வீக்கம் வடிந்தது. ஆனால் உள்ளே என்னவோ ஒன்று அகப்பட்டுக்கொண்டது. நடந்துகொண்டே இருப்பாள், திடீரென்று முட்டி நீட்டவும் வராமல் மடக்கவும் வராமல் நின்றுவிடும், கதவிடுக்கில் கல் மாட்டியது போல. தலைச்சுமையோடு ஒற்றைக் காலில் நின்று, காலை மெல்ல ஆட்டி ஆட்டி அதை விடுவித்துக்கொண்டு மேலே நடப்பாள். அப்படியே ஒரு வருஷம் ஓட்டினாள்.

அடுத்த புளிக்காலத்தில் அவள் கூடை கடைசியாக வந்தது. லத்தீப் பாய் தராசைக் கழற்றி வைத்துவிட்டு அவளுக்காகக் காத்திருந்தார். என்ன ஆயிற்று என்று கேட்டார். அவள் ஒன்றுமில்லை என்றாள். கூட வந்தவர்கள்தான் எல்லாவற்றையும் சொன்னார்கள். பாய் தன் அண்ணன் மகள் ஃபரீதா கீழே டவுனில் ஒரு ஆஸ்பத்திரியில் வேலை செய்வதாகவும், எலும்பு ஆபரேஷன் ஆனவர்களை நடக்க வைக்கிற வேலை அது என்றும் சொல்லி, ஒரு துண்டுச் சீட்டில் உருதுவில் நாலு வரி எழுதிக் கொடுத்தார். அந்தச் சீட்டை மூன்று மாசம் கூரைச் செத்தையில் செருகி வைத்திருந்துவிட்டு, சாமை விதைத்து முடித்த கையோடு, ஆடி மாசத்தில் புருஷனும் பெண்டாட்டியும் இறங்கிப் போனார்கள்.

பெரிய டாக்டர் ஒல்லியாக, சத்தம் போடாமல் பேசுகிற ஆள். படம் பிடித்துப் பார்த்துவிட்டு அவளுக்குப் புரிகிற மாதிரி சொன்னார். ஆட்டுக்கால் மூட்டின் முனையில் வெள்ளையாக, வழவழவென்று ஒரு பூச்சு இருக்குமே, மனுஷர்களுக்கும் அது உண்டு. குருத்தெலும்பு என்று பேர். விழுந்தபோது அதில் எட்டணாக் காசு அளவுக்கு ஒரு சில்லு பெயர்ந்து உள்ளேயே அலைகிறது. அதை எடுத்துவிட்டு, வெறுமையான எலும்பில் சின்னச் சின்னத் துளைகள் போட்டால் ரத்தம் கசிந்து வந்து உறைந்து, அந்த இடத்தில் புதுக் குருத்து வளரலாம். வளரலாம் என்றுதான் சொன்னார். வளரும் என்று சொல்லவில்லை. பத்துப் பேருக்குச் செய்தால் ஆறேழு பேருக்கு நன்றாக வருகிறது என்றும் மறைக்காமல் சொன்னார். சம்பூர்ணம் தன்னை அந்த ஆறேழு பேரில் ஒருத்தியாக வைத்துக்கொண்டாள்.

ஆபரேஷன் ஒரு மணி நேர வேலை. அதற்குப் பிறகுதான் பாடு என்று ஃபரீதா முதல் நாளே சொல்லிவிட்டாள். இருபத்தைந்து வயசுப் பெண். தலையில் முக்காட்டை இறுக்கிச் செருகிக்கொண்டு, விசிறி மாதிரி வார்டுக்குள் சுற்றுவாள். எட்டு வாரத்துக்கு வலது காலைத் தரையில் ஊன்றவே கூடாது. ஊன்றினால் முளைக்கிற குருத்து நசுங்கிப் போகும். அதற்காகச் சும்மாவும் வைத்திருக்கக் கூடாது. முட்டி இறுகிப் போகும். மடக்கி நீட்டிக்கொண்டே இருக்க வேண்டும், ஒரு நாளைக்கு நானூறு ஐந்நூறு தடவை. துணிச்சுருளை முட்டிக்கடியில் வைத்து அழுத்தச் சொன்னாள். காலை விறைப்பாக ஒரு சாண் தூக்கிப் பத்து எண்ணுகிற வரை நிறுத்தச் சொன்னாள். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, நல்ல காலால் தாங்கிக்கொண்டு, தையல் மிஷின் மிதிக்கிற மாதிரி ஆட்டச் சொன்னாள். முதல் வாரம் சம்பூர்ணம் முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு ஆட்டினாள். அந்தத் தொடை, ஒரு மூட்டைப் புளியைச் சுமந்து மலையேறிய தொடை, பதினைந்து நாளில் பிள்ளையின் தொடை போலச் சூம்பிவிட்டது. அதைத் தொட்டுப் பார்த்து அன்றைக்குத்தான் முதல்முதலாகப் பயந்தாள்.

கக்கத்தில் கட்டைகளை வைத்துக்கொண்டு நடக்கவும் ஃபரீதா பழக்கினாள். சிமெண்டுத் தரையில் இரண்டு நாளில் வந்துவிட்டது. பிறகு ஆஸ்பத்திரிக்குப் பின்னால் கல்லும் மேடுமாக இருந்த இடத்துக்குக் கூட்டிப்போனாள். வீட்டுக்கு எப்படிப் போவீர்கள் என்று அங்கே வைத்துத்தான் கேட்டாள். சம்பூர்ணம் வழியைச் சொன்னாள். ஃபரீதா சாயங்காலம் டாக்டரிடம் போய், இந்த அம்மாவை எட்டு வாரமும் இங்கேயே வைத்துக்கொள்ள முடியுமா என்று கேட்டாளாம். கட்டிலுக்குக் காத்திருந்தவர்கள் வராந்தா முழுக்கப் படுத்துக்கிடந்தார்கள். மூன்று வாரம் வைத்திருந்ததே பெரிசு.

ரோடு வரைக்கும் ஜீப்பில் வந்தாள். அதற்கு மேல் கம்பத்தில் கம்பளியைத் தூளியாகக் கட்டி, தசரதனும் அவன் பங்காளி சின்னதம்பியும் இன்னும் இரண்டு பேரும் மாற்றி மாற்றிச் சுமந்தார்கள். ஓடைக்கரைப் பாறையில் அவளை இறக்கி வைத்துவிட்டு நாலு பேரும் பீடி குடித்தார்கள். தான் ஒரு நாளும் சுமை இறக்காத இடத்தில் தன்னையே சுமையாக இறக்கி வைத்திருப்பதைப் பார்க்க மாட்டாமல் அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

அதற்குப் பிறகு வந்த நாலு வாரம், அவள் வாழ்க்கையில் நல்ல நாட்கள் என்று சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். ஃபரீதா சொன்னதையெல்லாம் தசரதன் மனப்பாடமாக வைத்திருந்தான். வந்த மறுநாளே பலாமரப் பலகையில் நடுவே வட்டமாக வெட்டி, நாலு கால் அடித்து, அவள் குந்தாமல் வெளிக்குப் போக ஒரு மணை செய்தான். களி கிண்டினான். முதல் நாள் களியில் நெல்லிக்காய் நெல்லிக்காயாகக் கட்டி இருந்தது. பத்தாம் நாள் நன்றாகவே வந்தது. ஊற்றிலிருந்து குடத்தைத் தோளில் வைத்துக்கொண்டு வந்தான். ஆம்பிளை தண்ணி எடுக்கிறான் என்று ஊற்றடியில் சிரித்தார்கள். கால் சரியானதும் அவளே வந்து எடுப்பாள், அப்போது உங்கள் யாராலும் அவளை முந்த முடியாது என்று சொல்லிவிட்டு வந்தான். அவள் காலை மடக்கி நீட்டும்போது எதிரே உட்கார்ந்து, முறத்திலிருந்து ஒவ்வொரு புளியங்கொட்டையாக எடுத்துக் கூடையில் போடுவான். நூறு ஆனதும் கொட்டைகளைத் திரும்ப முறத்தில் கொட்டுவான். அவள் களைத்துப் போய் நிறுத்தினால், "இன்னும் பத்துதான் கீது, ஆட்டு" என்பான். பத்து முடிந்ததும் இன்னும் பத்து என்பான்.

கால் மடங்கத் தொடங்கியது. உள்ளே மாட்டுவது நின்றுபோயிருந்தது. கட்டில் விளிம்பிலிருந்து நேராகத் தொங்கவிட முடிந்தது. தசரதன் அதை ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தான்.

ஏழாம் வாரம் முடிகிற சமயம், புரட்டாசி மழை பிடித்தது. மூன்று நாள் விடவில்லை. கொல்லை வீட்டுக்கும் ஊருக்கும் நடுவில் இருந்த ஓடையில் செந்தண்ணீர் இரு கரையும் புரண்டு போயிற்று. சாமைக்கதிர் பிடிக்கும் பருவம். பன்றி இறங்காமலிருக்கத் தசரதன் நனைந்து நனைந்து காவல் காத்ததில் குளிர்காய்ச்சல் வந்தது. முதல் நாள் மறைத்தான். இரண்டாம் நாள் பிதற்றினான். மூன்றாம் நாள் விடிந்ததும், பன்றி பன்றி என்று எழுந்து, அவள் தடுக்கத் தடுக்க, கதவைத் தள்ளிக்கொண்டு மழைக்குள் இறங்கிப் போய்விட்டான்.

அவள் கூப்பிட்டாள். பதில் இல்லை. கட்டைகளை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள். கீழே இரண்டு வரப்புக்கு அப்பால், சாமைக்குள், அவன் முகம் குப்புறக் கிடந்தான். ஒரு அடி வைத்தாள். கட்டை சேற்றில் முழங்கை ஆழம் இறங்கிற்று. பிடுங்கி இன்னொரு அடி வைத்தாள். அதுவும் இறங்கிற்று. ஊர்ப் பக்கம் திரும்பிக் கத்திப் பார்த்தாள். ஓடைச் சத்தத்தில் அவள் குரல் அவளுக்கே கேட்கவில்லை. அவன் மூக்குப் பக்கம் தண்ணீர் தேங்கிக்கொண்டிருந்தது.

கட்டைகளை வீசிவிட்டு, வலது காலை ஊன்றி நடந்தாள்.

அவனைப் புரட்டிப்போட்டு, சேற்றைத் துடைத்து, மூட்டையைத் தூக்குகிற மாதிரி முதுகில் ஏற்றிக்கொண்டாள். அவள் தூக்கிப் பழகிய பாரத்தை விட அவன் ஒன்றும் அதிகமில்லை. மேட்டில் ஐம்பது அறுபது அடி ஏற வேண்டும். ஏறும்போது முட்டிக்குள் நெருப்புத்துண்டு வைத்தது போல இருந்தது. எதுவோ நசுங்குவது தெரிந்தது என்று அவள் மனசுக்குச் சொல்லிக்கொண்டாள். நிஜமாகவே தெரிந்ததா, பிற்பாடு நினைத்து நினைத்து அப்படி ஆகிவிட்டதா என்று அவளால் கடைசி வரை பிரித்துப் பார்க்க முடியவில்லை. அன்றைக்கும் அடுத்த நாளும் அடுப்பு மூட்டவும், கஷாயம் வைக்கவும், அவனைத் துடைத்துவிடவும் அவள் அந்தக் காலிலேயே நின்றாள். மழைக்கு முன்னால் அவன் எடுத்து வைத்திருந்த விறகு தீர்ந்ததும், கூரை இறவாணத்தில் செருகியிருந்த மூங்கிலை உருவி எரித்தாள்.

காய்ச்சல் விட்டு அவன் கண் திறந்தபோது, அவள் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். கழுவின கட்டைகள் பக்கத்தில் சாத்தியிருந்தன. அவனுக்கு எதுவும் ஞாபகமில்லை. கேட்ட முதல் கேள்வியே அதுதான்.

"கால ஊனிட்டியா?"

"இல்ல மாமா."

"அப்ப கஞ்சி யாரு வச்சது?"

சின்னதம்பி பெண்டாட்டி மங்கம்மாள் ஓடை வடிந்ததும் வந்து வைத்துவிட்டுப் போனாள் என்றாள். உடம்பு தேறட்டும், பிறகு உள்ளதைச் சொல்லிவிடலாம் என்றுதான் அப்போது நினைத்தாள். ஆனால் அவன் இரண்டு நாளில் எழுந்து, தள்ளாடிக்கொண்டே முறத்தையும் கூடையையும் எடுத்து வந்து எதிரே உட்கார்ந்தான். முட்டி வீங்கியிருப்பதைப் பார்த்துவிட்டு மழைக்குளிரில் அப்படி ஆகியிருக்கும் என்று அவனே ஒரு காரணமும் சொல்லி, துணியைச் சூடு பண்ணி ஒத்தடம் கொடுத்தான். அவள் வாயை மூடிக்கொண்டாள்.

எட்டாம் வாரம் போய்க் காட்டினார்கள். உள்ளே கொஞ்சம் நீர் கோத்திருக்கிறது, பார்ப்போம் என்றார் டாக்டர். மெல்ல மெல்ல ஊன்றச் சொன்னார்கள். முதலில் கால் பாரம், பிறகு அரைப் பாரம். அப்புறம் இரண்டு கட்டையில் ஒன்றை விட்டாள். தையில் இரண்டாவதையும் விட்டாள். ஆனால் நடக்கும்போது முட்டிக்குள் அம்மி அரைக்கிற மாதிரி ஒரு சத்தம் வந்தது. ஐம்பது அடிக்கு மேல் போனால் வலி தொடை வரை ஏறிற்று. வெறுங்கையோடு நடக்கவே அந்தப் பாடு. ஆபரேஷனுக்கு முன்னால் சுமையாவது தூக்கிக்கொண்டிருந்தாள்.

வருஷம் திரும்பி அதே ஆடியில் மறுபடியும் படம் பிடித்தார்கள். டாக்டர் அதை வெளிச்சத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார். அந்த எட்டு வாரத்தில் காலை எப்போதாவது ஊன்றினீர்களா, ஒரு நாளாவது, தவறியாவது, என்று கேட்டார். சம்பூர்ணம் வாயெடுப்பதற்குள் தசரதன் எழுந்து நின்றான்.

"ஒரு தபா கூட இல்லீங்க. நாந்தான் கூடவே இருந்து பாத்துக்கினேன். தரையில கால வைக்கவுடலீங்க. அதுக்கு நான் ஜவாப்புங்க."

டாக்டர் தலையை ஆட்டிக்கொண்டு எழுதினார். பிறகு அவளைப் பார்த்துச் சொன்னார்.

"ஊனியிருந்தா, சரி, அதனால நசுங்கிப்போச்சு, இன்னொரு தபா செஞ்சு பாக்கலாம்னு சொல்லியிருப்பேன். நீங்க எல்லாம் ஒழுங்கா செஞ்சும் புடிக்கல. அப்படின்னா உங்க எலும்புக்கு இது ஒத்துவரல. மறுபடியும் தொளை போட்டு உங்களக் கஷ்டப்படுத்தறதுல அர்த்தம் இல்லம்மா."

அவள் புருஷனைப் பார்த்தாள். வேட்டி நுனியைக் கையில் பிடித்துக்கொண்டு, பரீட்சையில் எல்லாம் சரியாக எழுதியும் தேறாமல் போனவன் போல நின்றுகொண்டிருந்தான். உன்னை முதுகில் சுமந்ததால் போயிற்று என்று அந்த முகத்தைப் பார்த்துச் சொல்ல அவளுக்கு நாக்கு எழவில்லை. டாக்டர் அடுத்த சீட்டை எடுத்தார்.

வராந்தாவில் ஃபரீதா பின்னாலேயே வந்தாள். தசரதன் மருந்து வாங்கப் போயிருந்தான். அவள் சம்பூர்ணத்தின் கையைப் பிடித்து ஓரமாக நிறுத்தி, குரலைத் தாழ்த்தி, "அக்கா, நெசமாவே ஊனலியா?" என்று கேட்டாள்.

சம்பூர்ணம் மருந்து ஜன்னல் பக்கம் பார்த்தாள். அவன் வரிசையில் நின்று யாரிடமோ பேசிக்கொண்டிருந்தான்.

"அவரு சொன்னதுதாம்மா" என்றாள்.

அடுத்த தடவை தனியாக வந்து சொல்லிவிட வேண்டும் என்று ஜீப்பில் போகும்போது தீர்மானம் பண்ணிக்கொண்டாள். ஆனால் தனியாக எப்படி வருவது? அந்த ஐந்து மைல் இருக்கிறதே. யாராவது தூளி கட்டித் தூக்கினால்தான் உண்டு. தூக்குகிறவர்களில் முதல் ஆள் அவனாகத்தான் இருப்பான். அடுத்த வருஷம் ஃபரீதா கல்யாணமாகிப் பெங்களூர் போய்விட்டாள் என்று லத்தீப் பாய் சொன்னார். பாஞ்சாலைக்கு முகட்டுக்கு அந்தப் பக்கம் இரண்டு பிள்ளைகள் பிறந்தன. இரண்டு பிரசவத்துக்கும் மாமியார்க்காரிதான் கூட இருந்தாள். தசரதன் போய்ப் பார்த்துவிட்டு வந்து, பிள்ளை இன்னாருடைய சாயல் என்று சொல்லுவான். மூத்ததை அவள் கண்ணால் பார்த்தபோது அது ஓடித் திரிந்தது.

எண்பத்து நாலில் சின்னதம்பிக்குக் குடல்வால் நோய் கண்டு கீழே கொண்டுபோனார்கள். துணைக்கு மங்கம்மாளும் போனாள். தசரதன் சாமை அறுப்பில் இருந்தான். மங்கம்மாள் அங்கே இருக்கும்போதே நானும் போய்க் காலைக் காட்டிவிட்டு வருகிறேன் என்று சொல்லி, தடியை ஊன்றிக்கொண்டு, விடியலில் கிளம்பி, உட்கார்ந்து உட்கார்ந்து, உச்சி வேளைக்கு ரோட்டுக்கு வந்தாள். ஆஸ்பத்திரியில் பழைய டாக்டர் இல்லை. வேறு ஊருக்கு மாறிப் போய்விட்டாராம். புதியவர் சின்ன வயசு. பழைய கேஸ் சீட்டை எடுத்துப் படித்தார். எட்டு வாரம் பாரம் ஊன்றவில்லை, நோயாளி நன்றாக ஒத்துழைத்தார் என்று அதில் எழுதியிருப்பதாகச் சொன்னார்.

"அது பொய்யிங்க" என்றாள் சம்பூர்ணம். "நான் ஊனினேன். ரெண்டு நாளு. ஆளத் தூக்கிக்கினு மேடு ஏறினேன்."

ஆறு வருஷமாக உள்ளே வைத்திருந்ததை அந்த மனுஷரிடம் கொட்டினாள். அவர் பொறுமையாகக் கேட்டார். பிறகு புதுப்படத்தைக் காட்டினார். இரண்டு எலும்புக்கும் நடுவில் இருக்க வேண்டிய இடைவெளியே இல்லை. அன்றைக்கு அதனால்தான் போயிற்றா, ஊன்றாமல் இருந்திருந்தாலும் போயிருக்குமா என்று இப்போது யாராலும் சொல்ல முடியாது என்றார். இனித் துளை போடுகிற கட்டம் தாண்டிவிட்டது. முட்டியை மடங்காதபடி இறுக்கி ஒட்ட வைக்கலாம், வலி போகும். மலைமேல் நீட்டிய காலோடு என்ன செய்வது என்று அவள் கேட்டாள். அவர் வலிக்கு மாத்திரை எழுதிக் கொடுத்தார்.

அந்த வருஷக் கடைசியில் கொல்லையை விளைச்சலில் பங்கு என்று சின்னதம்பியிடம் வாரத்துக்கு விட்டுவிட்டு இருவரும் ரோட்டோரம் ஒரு குடிசைக்கு வந்தார்கள். தசரதனுக்கு அதில் இஷ்டமில்லை. அவளால் ஊற்றுக்கும் போக முடியவில்லை, காவலுக்கும் போக முடியவில்லை என்பதால் வந்தான். லத்தீப் பாய் ரோட்டில் ஒரு கொட்டகை போட்டிருந்தார். அதில் உட்கார்ந்து புளியைக் கல்லில் வைத்துத் தட்டிக் கொட்டை எடுக்கிற வேலையை அவளுக்குக் கொடுத்தார். வலது காலை நீட்டி, அதன் மேல் சாக்கைப் போட்டுக்கொண்டு, காலையிலிருந்து சாயங்காலம் வரை தட்டுவாள். கூடை சுமந்து இறங்குகிற பெண்கள் மூச்சு வாங்கியபடி அவள் எதிரில் கொட்டிவிட்டுப் போவார்கள். அவள் நிமிர்ந்து பார்ப்பதை விட்டுவிட்டாள்.

ஜீப்புக்குக் காத்திருக்கிற வெளியூர்க்காரர்கள் யாராவது, இந்தம்மாவுக்குக் கால் என்ன என்று கேட்டால் தசரதன்தான் பதில் சொல்லுவான். பெரிய ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் ஆனது, எலும்பில் துளை போட்டார்கள், எட்டு வாரம் காலை மண்ணில் படவிடாமல் நானே பார்த்துக்கொண்டேன், செய்ய வேண்டியது அத்தனையும் செய்தோம், உடம்பு ஏற்றுக்கொள்ளவில்லை என்பான். களி கிண்டிய கதையையும் சொல்லுவான். கேட்டவர்கள், இப்படி ஒரு புருஷன் யாருக்கு வாய்ப்பான் என்று அவளைப் பார்த்துச் சொல்லுவார்கள்.

சம்பூர்ணம் ஆமாம் என்று தலையாட்டுவாள். வெளிச்சம் குறைந்ததும் மற்றவர்கள் சாக்கை உதறிவிட்டுப் போய்விடுவார்கள். அவளால் தானாக எழுந்திருக்க முடியாது. கையைத் துடைத்துக்கொண்டு, தசரதன் வந்து கக்கத்தில் கை கொடுத்துத் தூக்குகிற வரைக்கும் அங்கேயே உட்கார்ந்திருப்பாள்.